விரலிக்குள் ஒரு கணினி: அதைப் புதுப்பிக்கும் முறை



தஞ்சோங் மாலிம் பட்டணத்தை ஒட்டி ஓடும் பெர்ணம் ஆறு, பேராவையும் சிலாங்கூரையும் பிரித்துக்கொண்டு மேற்கே கடலை நோக்கிப் போகிறது. அது கடலைச் சேரும் சபாக் பெர்ணம் வட்டாரத்தில் செக்கிஞ்சான் என்று நெல் விளையும் ஊர் ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரரான புவா கெய்ன் செங் என்பவர் தைவானுக்குப் படிக்கப் போய், 2000ஆம் ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து ஃபைசன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பென்டிரைவை இயக்கும் வேலைகளையெல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கிக் காட்டிய நிறுவனம் அது. பென்டிரைவை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தாம் என்று சிங்கப்பூரிலும் இஸ்ரேலிலும் உரிமை கொண்டாடுவோர் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். ஆற்றின் இக்கரையில் இருக்கும் நமக்கு, அக்கருவியில் ஆற்றின் கடைக்கோடி ஊருக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தால் போதும்.

இந்தப் பென்டிரைவைத் தமிழில் விரலி என்கிறார்கள். விரலி மஞ்சளை அறிந்த நம் தாய்மார்களுக்கு இச்சொல் எளிதில் மனத்தில் நிற்கும். விரலியில் பாட்டும் படமும் வைத்துக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு கணினியின் இயங்குதளத்தையே அதற்குள் வைத்துக்கொண்டு சட்டைப்பையில் எடுத்துப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும், அந்த இயங்குதளம் பழையதாகும்போது அதை எப்படிப் புதுப்பிப்பது என்று தெரிந்தவர்கள் குறைவு. இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இயங்குதளம் என்றால் என்ன? விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று ஆள் கணக்கெடுத்து, யார் எங்கே போக வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று பிரித்துவிடும் மண்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் விசைப்பலகைக்கும் திரைக்கும் நினைவகத்துக்கும் அப்படி வேலை பிரித்துவிடும் மண்டோர்தான் இயங்குதளம். பொதுவாக அது கணினியின் வன்தட்டிலேயே குடியிருக்கும். வன்தட்டு பழுதானால் மண்டோர் இல்லாத பிரட்டாகக் கணினி நின்றுவிடும். அப்போது விரலியில் வேறொரு மண்டோரைக் கொண்டுவந்து செருகினால், உடம்பு நன்றாக இருக்கும் கணினி மறுபடியும் வேலை செய்யும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் க்னாப்பர் என்பவர் 2000ஆம் ஆண்டில் க்னாப்பிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒரு குறுந்தட்டிலிருந்தே ஓடும்படி செய்து வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் பாரி கவ்லர் என்பவர் 2003இல் பழைய கணினிகளுக்கென்றே பப்பி லினக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைக் கொடுத்தார். க்னாப்பிக்ஸுக்கு அடிப்படையாக இருந்த டெபியன், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் 1993 முதல் கூடிச் செய்துவரும் இயங்குதளம். இவை எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்று நாம் டெபியனையே எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுவோம். மற்றவற்றுக்கும் கொள்கை ஏறத்தாழ இதுதான்.

இது தோட்டத்துக் குடும்பங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தாயார் தொழிற்சாலைக்குப் போகிறார். பிள்ளைகள் மூவர். வீட்டில் இருப்பது இரண்டாம் கைக்கு வாங்கிய ஒரு மடிக்கணினி. அதன் வன்தட்டு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கணினி இருப்பதுபோலத்தான் நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு விரலி. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். தன் முறை வரும்போது தன் விரலியைச் செருகினால் தன் கணினி. அக்காள் எழுதியதைத் தம்பி அழித்தான் என்ற சண்டை அந்த வீட்டில் இல்லை.

மூத்தவள் ஐந்தாம் படிவம். அவளுடைய விரலியில் இரண்டாண்டுப் பாடக் குறிப்புகளோடு, வீட்டாரின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் படிகளும், உதவித்தொகைக்காக எழுதிய மனுக்களும் இருந்தன. கணினி பழையதாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, தகப்பனார் அந்த விரலியை ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் பத்து நிமிடத்தில் புதிய பதிப்பை எழுதிக் கொடுத்துவிட்டார். விரலி நன்றாகவே ஓடியது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட வேலையை அவர் செய்தார். புதிய பதிப்பை விரலியில் எழுதுவது என்றால், முன்பு இருந்ததை முழுவதும் துடைத்துவிட்டு எழுதுவது என்பதே பொருள். அதை அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. இந்த ஒரு செய்தி தெரியாததால் அந்தப் பிள்ளை தேர்வு ஆண்டில் குறிப்புகளை மறுபடியும் எழுத நேர்ந்தது.

இனி விரலியின் உள்ளமைப்பைக் காண்போம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

பள்ளிப் பாடப்புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த புத்தகத்தில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? திருத்தமும் விளக்கமும் எழுதிய துண்டுத்தாளை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். படிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது மேலே ஒட்டிய தாள். அடியில் பழைய அச்சு அப்படியே இருக்கிறது. விரலியில் ஓடும் நடமாடும் இயங்குதளமும் இப்படித்தான். அடியில் இருப்பது, இறுக்கிச் சுருக்கி அடைத்த பெரிய கோப்பு ஒன்று. அது அச்சடித்த புத்தகம். படிக்கலாம், மாற்ற முடியாது. அதன்மேல் நிலைச்சேமிப்பு என்ற ஓர் இடம். நாம் எழுதும் கடிதம், மாற்றும் அமைப்பு, புதிதாகச் சேர்க்கும் செயலி எல்லாம் துண்டுத்தாளாக அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன.

இப்போது ஒருவர், இணையத்தில் இணைந்து, அந்த இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கும் 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான செயலிகளின் புதிய வடிவங்கள் வந்து இறங்கும். பழையவை நீங்குமா? நீங்கா. அவை அச்சில் இருப்பவை ஆயிற்றே! புதியவை எல்லாம் துண்டுத்தாளாக மேலே ஒட்டப்படும். ஒரே செயலி அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு இடத்தைப் பிடிக்கும். நிலைச்சேமிப்பு மளமளவென்று நிரம்பும். சில விரலிகளில் நிலைச்சேமிப்பு ஒரே கோப்பாக, ஃபேட்32 என்னும் பழைய முறையில் இருக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. 64 கிகாபைட் விரலி வாங்கினோமே, ஏன் இடமில்லை என்கிறது என்று திகைப்பவர்கள் பலர். காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இயங்குதளத்தின் உயிர்நிலையான கருநிரல் என்னும் பகுதி, விரலியைச் செருகியவுடனே, துண்டுத்தாள்கள் ஒட்டப்படுவதற்கு முன்பே, அச்சிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே உள்ளிருந்து எத்தனை முறை புதுப்பித்தாலும் அடுத்த முறை எழும்புவது பழைய கருநிரல்தான். பாதுகாப்புத் திருத்தங்களில் முக்கியமானவை கருநிரலில்தான் வருகின்றன என்பதால், இப்படிப் புதுப்பிப்பது பூட்டை விட்டுவிட்டுக் கதவுக்கு வர்ணம் பூசுவது போன்றது.

சரி, புத்தகத்தின் புதிய பதிப்பு வந்துவிட்டது. பழைய துண்டுத்தாள்களை அப்படியே எடுத்துப் புதிய புத்தகத்தில் ஒட்டலாமா? பக்க எண் மாறியிருக்குமே! 40ஆம் பக்கத்துக்கு எழுதிய திருத்தம், புதிய புத்தகத்தின் 40ஆம் பக்கத்தில் வேறு பாடத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். பழைய நிலைச்சேமிப்பைப் புதிய இயங்குதளத்தின்மேல் அப்படியே ஏற்றினால் நடப்பதும் இதுதான். சில நேரம் எழும்பாது. சில நேரம் எழும்பிப் பாதியில் மக்கர் செய்யும். ஆதலால் செய்ய வேண்டியது, புதிய புத்தகத்தைப் புதிதாகவே வாங்கிக்கொண்டு, பழைய தாள்களில் நம் சொந்தக் கையெழுத்தாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் செல்வது.

அதற்கு இரண்டாவது விரலி ஒன்று வேண்டும். பழைய விரலியிலேயே புதியதை எழுதிச் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது நம்முடைய உறுதியான கருத்து. ஒரு விரலியின் விலை, இரண்டாண்டு எழுத்தைவிடப் பெரிதன்று.

முதலில் பழைய விரலியைக் கொண்டே கணினியை எழுப்புங்கள். நம் பெயரில் உள்ள இல்லக் கோப்புறையைத் திறங்கள். கடிதங்களும் படங்களும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவையும் அங்கே உண்டு. பெயரின் முன்னால் புள்ளி வைத்த கோப்புறைகளை இயங்குதளம் மறைத்து வைத்திருக்கும். கண்ட்ரோல் விசையோடு எச் என்னும் எழுத்தை அழுத்தினால் அவை வெளிவரும். உலாவியில் நாம் குறித்து வைத்த பக்கங்களும், நாமே சேர்த்த எழுத்துருக்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யுனிகோடு பரவலாவதற்கு முன் தட்டெழுதிய பழைய தமிழ்க் கோப்புகள், அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பை எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், வாளியைக் கொண்டுவந்து பாலை மரத்தடியிலேயே விட்டு வந்த கதைதான்.

இவற்றையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டி வேறொரு இடத்தில் வையுங்கள். வைத்த பிறகு, அந்தப் பொதியைத் திறந்து ஒன்றிரண்டு கோப்புகளைப் படித்துப் பாருங்கள். படி எடுத்தோம் என்பது வேறு, எடுத்த படி திறக்கிறது என்பது வேறு.

அடுத்து, புதிய பதிப்பை இறக்க வேண்டும். டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் வெளிவந்தது. அதன் பெயர் டிரிக்ஸி. அதற்கு முந்திய 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்த புக்வோர்ம். 'டாய் ஸ்டோரி' என்ற பொம்மைப் படத்தின் பாத்திரங்களைத்தான் டெபியன்காரர்கள் தங்கள் பதிப்புகளுக்குப் பெயராக வைக்கிறார்கள். பிள்ளைகளிடம் சொன்னால் மகிழ்வார்கள். நடமாடும் பதிப்பு ஏறத்தாழ 3 கிகாபைட் அளவுள்ளது. கைப்பேசித் தரவில் இறக்கினால் பணம் போகும். இணைய வசதி தரும் அரசாங்கத்தின் நாடி நிலையம் அருகில் இருந்தால் அங்கே போய்க் கேட்கலாம். பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்டிஇ என்னும் இலேசான திரையமைப்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரை எண்ணை டெபியன்காரர்கள் தங்கள் தளத்தில் வெளியிடுகிறார்கள். நாம் இறக்கிய கோப்பையும் அவ்வாறே கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். ஸ்டோரில் பாலை நிறுத்துப் பார்க்காமல் கணக்கில் ஏற்றுகிறார்களா? அதுபோல இதையும் பார்க்காமல் எழுதக்கூடாது.

விண்டோஸ் கணினியில் எழுதுவதானால் ரூஃபஸ் என்னும் இலவசச் செயலி போதும். முத்திரை எண்ணைக் கணக்கிடும் பொத்தானும் அதிலேயே உண்டு. அதில் நிலைச்சேமிப்பின் அளவைக் கேட்கும் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தள்ளி இடம் ஒதுக்காமல் சுழியிலேயே விட்டுவிட்டால், புதிய விரலியில் நாம் எழுதுவது எதுவும் கணினியை அணைத்தவுடன் நிற்காது. எழுதும்முன், எந்த விரலி செருகப்பட்டிருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். பழைய விரலியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

எழுதி முடிந்தால் புதிய விரலியைக் கொண்டு எழுப்புங்கள். எழும்பும் பட்டியல் சில கணினிகளில் எஃப்12 விசையிலும், சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப் விசையிலும் வரும். திரையில் ஒரு வரி எழுதிச் சேமித்து, முறைப்படி அணைத்து, மறுபடி எழுப்பி, அது இருக்கிறதா என்று காணுங்கள். இருந்தால், கட்டி வைத்த பொதியிலிருந்து நம் கோப்புகளைக் கொண்டுவரலாம். மறைந்த கோப்புறைகளை மொத்தமாகக் கொட்ட வேண்டாம். எழுத்துரு, உலாவிக் குறிப்புகள் என்று தேவையானவற்றை மட்டும் எடுங்கள். பிறகு தமிழ்த் தட்டெழுத்து, அச்சுப்பொறி, கம்பியில்லா இணையம், பிள்ளைகளின் டெலிமா கணக்கு ஆகிய நான்கையும் சோதித்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெபியன் 13ஆம் பதிப்போடு, 32 பிட் கணினிகளில் நிறுவும் வழி நிறுத்தப்பட்டுவிட்டது. மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள், அது 64 பிட்டா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் புதிய விரலி எழும்பாது. விரலி கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அத்தகைய கணினிகளுக்குப் பப்பியின் சில வகைகள் இன்னும் 32 பிட்டில் கிடைக்கின்றன.

நாம் இதுவரை சொன்னது புத்தகமும் துண்டுத்தாளுமாக அமைந்த விரலிக்கு. சிலர் விரலியையே வன்தட்டாகப் பாவித்து இயங்குதளத்தை முழுமையாக நிறுவியிருப்பார்கள். அங்கே அடிப்புத்தகம் என்று ஒன்று இல்லை, எல்லாம் கையெழுத்துதான். உள்ளிருந்தே புதுப்பிக்கலாம், கருநிரலும் மாறும். ஆனால் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது. 11இலிருந்து 12, 12இலிருந்து 13 என்று படிப்படியாகவே ஏற வேண்டும். விரலி சிறுசிறு எழுத்துகளை மெதுவாகவே வாங்கும், மணிக்கணக்கில் ஆகலாம். தஞ்சோங் மாலிமில் மத்தியானத்துக்குமேல் இடியும் மின்னலும் வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே காலையில் தொடங்குங்கள். மின்கலத்தில் போதிய மின்சாரம் இருக்கட்டும். நடுவில் நின்றுபோனால் இயங்குதளம் எழும்பாமல் போகலாம். அப்போதும் பதற வேண்டாம். பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே இருக்கும். இன்னொரு விரலியால் எழுப்பி அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது புதுப்பிப்பது? டெபியன் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு பதிப்பைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டாண்டு நீண்டகால ஆதரவும் உண்டு. எனவே புதியது வந்த அன்றே ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தாறு ஆண்டுகள் அப்படியே கிடக்கவிடுவதும் தவறு. உலாவி பழையதாகிப் பள்ளித் தளங்களும் வங்கித் தளங்களும் திறக்க மறுக்கும். ஆண்டிறுதி நீண்ட விடுமுறை இதற்கு ஏற்ற காலம். தேர்வுக்கு முந்திய மாதத்தில் யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகள் நம் வீடுகளில் பல. அவற்றைக் கழிவென்று எடைக்குப் போடுவதற்கு முன், ஒரு விரலியைச் செருகிப் பார்க்கலாம்.

அச்சடிக்கப் போகும்போதும் கவனம் தேவை. நமது பட்டணத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது அது. மாணவர் நிறைந்த ஊரில் நகலெடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. இயங்குதளம் உள்ள விரலியைக் கடையில் விண்டோஸ் கணினியில் செருகினால், நிலைச்சேமிப்பு அதற்குப் புரியாது. 'இந்தத் தட்டை வடிவமைக்க வேண்டும், செய்யவா?' என்று திரையில் கேட்கும். அவசரத்தில் ஒருவர் 'ஆம்' என்றால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும். அச்சடிக்க வேண்டிய கோப்பை மட்டும் வேறொரு சிறிய விரலியில் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய விரலியை உடனே அழிக்க வேண்டாம். புதியதோடு ஒரு மாதம் பழகும்வரை அது அலமாரியில் இருக்கட்டும். அதன்பின் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம். கொடுக்கும்முன் ஒன்று: குப்பைக்கூடையில் போட்ட கோப்பு உண்மையில் அழிவதில்லை, மீட்டெடுக்கும் செயலிகள் இருக்கின்றன. அடையாள அட்டைப் படியும் பிறப்புப் பத்திரமும் இருந்த விரலியானால், அவற்றை நீக்கிய பிறகு, விரலி நிரம்பும்வரை பாட்டோ படமோ கொட்டி நிரப்பி, மறுபடி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை எழுதிக் கொடுங்கள். விரலி பழுதாகி எழுதவே முடியாமல் போயிருந்தால், யாருக்கும் கொடுக்காமல் சுத்தியலால் அந்தச் சில்லை உடைத்துவிடுவதே நல்லது.